உப்பேரிக்கு நடந்த பம்பாய்ப் பெண்

தங்கள் சமயத்தின் பொருட்டு ஊர் ஊராகத் துரத்தப்பட்ட மார்மன் என்னும் சபையினர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்திற்கு நடந்து சென்று அங்கே ஊர்களை உண்டாக்கிய வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. எனினும் அந்தக் குடியேற்றம் வேரூன்றியதற்கு வழியெங்கும் அடுப்பு மூட்டியவர்களும், பிள்ளை பெற்றவர்களும், பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் நடந்தவர்களுமான பெண்களே காரணம் என்பதை அக்காலத்து நாட்குறிப்புகளே காட்டுகின்றன. அப்பெண்களுள் ஒருவர் பம்பாயில் பிறந்தவர். எலிசபெத் சேவியர் டெய்ட் என்ற அவரது பெயரின் நடுவிலுள்ள சேவியர், தூத்துக்குடி வட்டாரத்தில் தருவைகுளம், மணப்பாடு முதலிய ஊர்கள் அடங்கிய முத்துக்குளித்துறையில் சவேரியார் என்று வழங்கும் அதே பெயர்தான். 1542இல் இக்கரைக்கு வந்து, சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்களுக்குச் செபங்களைத் தமிழில் கற்பித்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயர், இந்தியாவின் இரு கரைகளிலும் எண்ணற்ற குடும்பங்களில் இன்றளவும் வழங்கி வருகிறது. அப்பெயரைத் தாங்கிய ஒரு பெண் பனிமலைகளைக் கடந்து உப்பேரிக் கரைக்குச் சென்றது எப்படி என்பதை அறிய, முதலில் மார்மன்கள் யார் என்பதை அறிய வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1830 ஏப்ரல் 6ஆம் நாள் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதாகும். விவிலியத்துடன் மார்மன் புத்தகம் என்ற மற்றொரு நூலையும் மறைநூலாக ஏற்பதால் பிறர் அவர்களை மார்மன்கள் என்று அழைத்தனர். இந்த வேறுபாட்டினாலும் கடவுளைப் பற்றிய கொள்கை வேறுபாடுகளாலும் கத்தோலிக்கத் திருச்சபை அவர்களது ஞானஸ்நானத்தைச் செல்லத்தக்கதாகக் கருதுவதில்லை. சபையினர் எங்கே கூட்டமாகக் குடியேறினாலும் அங்கே அண்டை அயலாருடன் நிலம், வாக்கு, வழிபாடு ஆகியவற்றை முன்னிட்டுப் பகை மூண்டது. 1838இல் மிசூரி மாநில ஆளுநர் அவர்களை ஒழிக்க வேண்டும் அல்லது வெளியேற்ற வேண்டும் என்று எழுத்து மூலமாகவே ஆணையிட்டார். 1844இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையில் ஜோசப் ஸ்மித் ஒரு கும்பலால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் தலைமையேற்ற பிரிகாம் யங், 1846 பிப்ரவரியில் மக்களை மேற்கு நோக்கி அழைத்துச் சென்று, 1847 ஜூலையில் பெரிய உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். அவ்வேரியின் நீர் கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்புக் கரிப்பது; அதில் மீன் வாழாது. தூத்துக்குடி உப்பளங்களைக் கண்டவர்களுக்கு அந்த வெண்ணிறக் கரையைக் கற்பனை செய்வது கடினமாக இராது. ஆயினும் மலைகளிலிருந்து இறங்கிய நன்னீர் ஓடைகளை நம்பி, வேறு எவரும் விரும்பாத அந்நிலத்தைத் தங்களுக்கு உரியதாக அவர்கள் தேர்ந்துகொண்டனர்.

உலகின் எந்த மூலையில் சபையில் சேர்ந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து கூடவேண்டும் என்பது அக்காலத்து மார்மன்களின் அடிப்படைக் கொள்கை. சபையில் சேர்வதும் பிறந்த மண்ணை விட்டுப் புறப்படுவதும் ஏறத்தாழ ஒரே முடிவாக இருந்தன. இந்தியாவுக்கும் அந்த அழைப்பு வந்தது. 1851இல் கல்கத்தாவில் அவர்களது போதகர்கள் இறங்கினர். 1853இல் ரிச்சர்ட் பாலண்டைன் என்பவர் சென்னைக்கு வந்து போதித்தார். மொழியறியாத போதகர்களுக்கு நாட்டு மக்களிடையே செவிசாய்ப்போர் அரிதாகவே கிடைத்தனர்; ஆங்கிலேயப் படைவீரர்களும் அவர்களது குடும்பத்தினருமே சேர்ந்தவர்களுள் பெரும்பான்மையினர். சில ஆண்டுகளிலேயே இந்தியப் பணி கைவிடப்பட்டது. அப்பணியால் சபையில் சேர்ந்த மிகச் சிலருள் பிரிட்டிஷ் இராணுவத்தில் பணிபுரிந்த வில்லியம் டெய்ட் என்பவரும் அவர் மணந்த எலிசபெத்தும் அடங்குவர்.

எலிசபெத்தின் வாழ்க்கை அவரது வழித்தோன்றல்கள் காத்துவந்த குறிப்புகளின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அவர் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் என்றும், பெற்றோர் அவரது புதிய சமயத்தையும் பயணத்தையும் எதிர்த்தனர் என்றும், ஒரு குழந்தையை இந்தியாவிலேயே காலராவுக்குப் பறிகொடுத்தார் என்றும் அக்குறிப்புகள் கூறுகின்றன. 1855இல் கணவர் மகனை அழைத்துக்கொண்டு முன்னதாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். எலிசபெத் பின்தங்கி, பின்னர் கைக்குழந்தையுடன் இங்கிலாந்து வழியாகப் புறப்பட்டார். அந்தக் குழந்தையும் இங்கிலாந்தில் இறந்தது. கடலுக்குப் போன ஆண்மகன் கரை திரும்பக் காத்திருப்பது முத்துக்குளித்துறைப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய துன்பம்; ஆனால் தானே கடலைக் கடந்து, தாய்வீட்டை விட்டு, வழியில் பிள்ளையையும் அடக்கம் செய்துவிட்டுக் கணவரைத் தேடிச் செல்வது அதனினும் கொடியது. பாலைநிலப் பயணத்தைப் பற்றிய நூல்கள் பனியையும் பசியையும் விரிவாகப் பேசுகின்றன. எலிசபெத்தைப் பொறுத்தவரை பயணத்தின் மிகக் கடினமான பகுதி, அமெரிக்க மண்ணில் ஓர் அடி வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவர் சேர்ந்த பயணக்குழு, அதன் தலைவர் ஜேம்ஸ் வில்லியின் பெயரால் வில்லி கைவண்டிக் குழு எனப்படுகிறது. ஏழைக் குடியேறிகளுக்கு மாட்டுவண்டி வாங்கித்தரப் போதிய பணம் சபையிடம் இல்லாததால், மனிதரே இழுத்துச் செல்லும் இரண்டு சக்கர வண்டிகளைக் கொண்டு பயணம் செய்யும் முறை 1856இல் தொடங்கப்பட்டது. 1860 வரை 10 குழுக்களில் ஏறத்தாழ 3,000 பேர் இவ்வாறு சென்றனர். வண்டி என்பது மரச் சட்டத்தின் மேல் ஒரு பெட்டியும், முன்னால் நீளும் இரு கைப்பிடிகளும், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குக் கட்டையும் மட்டுமே. குறுக்குக் கட்டைக்கு உள்ளே இருவர் நின்று அதை வயிற்றாலும் மார்பாலும் தள்ள, மற்றவர் பின்னாலிருந்து உந்துவர். ஏறத்தாழ ஐவருக்கு ஒரு வண்டி. ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவு. படுக்கை, மாற்றுத்துணி, சமையல் பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். ஒரு குடும்பம் தலைமுறையாகச் சேர்த்த பொருள்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கைப் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்களே. தராசில் வைத்து எடைபோட்டபோது மிகுந்ததைச் சாலையோரத்தில் வைத்துவிட்டு நடந்தனர்.

லிவர்பூலிலிருந்து 1856 மே மாதம் தார்ன்டன் என்ற கப்பலில் 764 பேர் புறப்பட்டு, நியூயார்க்கில் இறங்கி, இருப்புப்பாதை அன்று முடிந்த அயோவா சிட்டிக்கு ஜூன் இறுதியில் வந்து சேர்ந்தனர். அங்கே வண்டிகள் தயாராக இருக்கவில்லை. அவசரமாகப் பச்சை மரத்தில் வண்டிகளைச் செய்து, ஜூலை நடுவில்தான் நடக்கத் தொடங்கினர். அங்கிருந்து, அப்பள்ளத்தாக்கில் எழுந்திருந்த உப்பேரி நகரம் ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர்; தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வெயிலில் மரம் உலர்ந்து சுருங்கியது. மணல் புகுந்து அச்சு தேய்ந்தது. மசகு இல்லாத இடத்தில் உண்ண வேண்டிய பன்றிக் கொழுப்பைத் தடவினார்கள். ஆகஸ்டு நடுவில் மிசூரி ஆற்றங்கரையிலுள்ள புளோரன்ஸ் என்ற ஊரில் குழு கூடியபோது, அவ்வழியை முன்பே அறிந்த லீவை சாவேஜ் என்பவர், பருவம் கடந்துவிட்டது என்றும், முதியோரும் பெண்களும் குழந்தைகளும் நிறைந்த குழு மலைகளில் பனியில் சிக்கும் என்றும், குளிர்காலத்தை அங்கேயே கழிப்பதே நல்லது என்றும் கண்ணீருடன் எச்சரித்தார். அவரது சொல் எடுபடவில்லை. எடுபடாவிட்டாலும், அம்மக்களை விட்டுப் பிரியாமல் அவரும் உடன் சென்றார். பின்னால் நேர்ந்த மரணங்களை இறைவனின் சோதனை என்று மட்டும் கூறுவது போதாது; தாமதமாகப் புறப்பட வைத்த நிருவாகத் தவறும், அறிந்தவர் சொன்ன எச்சரிக்கையைப் பக்திக் குறைவாகக் கருதிய மனநிலையும் அவற்றுக்குக் காரணம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வழிநெடுக அன்றாட வேலையில் ஆணுக்குப் பெண் குறைந்தவளாக இருக்கவில்லை. மாலையில் வண்டியை நிறுத்தியபின் பெண்ணுக்கு மற்றொரு வேலைநாள் தொடங்கியது. மரமற்ற புல்வெளியில் விறகு கிடைக்காததால், காட்டெருமைகள் இட்டு வெயிலில் காய்ந்த சாணத்தைப் பெண்களும் பிள்ளைகளும் மடியில் பொறுக்கி வந்து அடுப்பெரித்தனர். வறட்டி தட்டி அடுக்கிப் பழகிய தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. லண்டனிலும் கோபன்ஹேகனிலும் நிலக்கரி அடுப்பில் சமைத்தவர்களுக்கோ முதலில் கையால் தொடவே கூசியது. அதில் எரியும் தீயில், நாளொன்றுக்கு ஆளுக்கு அளந்து கொடுத்த ஒரு பவுண்டு மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டனர், அல்லது கஞ்சியாகக் காய்ச்சினர். செப்டம்பர் தொடக்கத்தில் மாவு மூட்டைகளை இழுத்துவந்த மாடுகளில் ஏறத்தாழ 30 மிரண்டோடித் தொலைந்துவிட, அவற்றின் சுமையும் கைவண்டிகளுக்கு வந்தது. அக்டோபரில் படி குறைக்கப்பட்டு, ஒரு பவுண்டு முக்கால் ஆகி, பின்னர் அதிலும் குறைந்தது. இருப்பதைப் பங்கிடும்போது தாய்மார்கள் தம் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப் பல குடும்பக் குறிப்புகள் ஒரே குரலில் கூறுகின்றன.

அக்டோபர் 19ஆம் நாள், கடைசி மாவு அளந்து கொடுக்கப்பட்ட அதே நாளில், பனிப்புயல் வந்தது. நான்கு நாள் கழித்து, ராக்கி ரிட்ஜ் எனப்படும் பாறைமேட்டைப் பனிக்காற்றில் ஏறவேண்டியிருந்தது. காலணி கிழிந்தவர்கள் துணியையும் சாக்கையும் காலில் சுற்றிக்கொண்டு ஏறினர்; பின்தங்கியவர்கள் மறுநாள் விடியலில்தான் முகாமை அடைந்தனர். ராக் கிரீக் என்ற ஓடையோரம் அந்த முகாமில் இறந்த 13 பேரை மறுநாள் ஒரே குழியில் புதைத்தனர். அன்றே மேலும் இருவர் இறந்தனர். குழுவில் ஏறத்தாழ 70 பேர் வழியில் மாண்டனர். பின்னால் வந்த மார்ட்டின் குழுவின் இறப்பையும் சேர்த்தால் தொகை 200ஐத் தாண்டுகிறது.

இவர்கள் இன்னும் வழியிலிருக்கிறார்கள் என்ற செய்தி அக்டோபர் தொடக்கத்தில் உப்பேரி நகரை எட்டியபோது, 5ஆம் நாள் ஞாயிறு வழிபாட்டில் பிரிகாம் யங் மற்ற உபதேசங்களை ஒதுக்கிவிட்டு, மாவும் வண்டிகளும் கோவேறு கழுதைகளும் உடனே வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த பெண்கள் கூட்டத்திலேயே தங்கள் உள்பாவாடைகளையும் காலுறைகளையும் கழற்றி மீட்பு வண்டிகளில் குவித்தனர் என்று அங்கிருந்த லூசி மெசர்வ் ஸ்மித் எழுதி வைத்துள்ளார். இரண்டே நாளில் மீட்பு வண்டிகள் கிளம்பின. அவை வந்து சேர்ந்திராவிட்டால் வில்லி குழுவில் எவரும் எஞ்சியிருப்பார்களா என்பது ஐயமே. நவம்பர் 9ஆம் நாள் எஞ்சியோர் உப்பேரி நகரை அடைந்தனர். எலிசபெத் கணவருடன் சேர்ந்தார். பின்னர் அக்குடும்பம் உப்பேரி அமைந்த யூட்டாப் பகுதியின் தெற்கே சீடார் சிட்டி என்ற ஊரில் குடியமர்ந்தது.

ஊர் சேர்ந்துவிட்டதால் உழைப்பு முடிந்துவிடவில்லை. சீடார் சிட்டி, 1851இல் இரும்பு உருக்குவதற்கென்று நிறுவப்பட்ட குடியேற்றம். உருக்காலை சில ஆண்டுகளிலேயே நின்றுபோக, மக்கள் வாய்க்கால் வெட்டி வேளாண்மை செய்தே பிழைத்தனர். சுடாத செங்கல்லால் வீடு, மண் கூரை. மழை பெய்தால் கூரை ஒழுகும். ஆட்டுமயிரைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று, செடிகளின் பட்டையிலும் பூவிலும் சாயம் காய்ச்சித் தோய்த்து, நெய்து, தைத்து உடுத்தும் வேலை முழுவதும் பெண்களுடையது. உப்பேரிக் கரையில் இருந்தவர்கள் அதன் நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். சாம்பலும் கொழுப்பும் கலந்து சவர்க்காரம் செய்தனர். மருத்துவர் அரிதான அந்நாட்டில் மருத்துவச்சிகளே பிள்ளைப்பேற்றைப் பார்த்தனர். அவர்களுள் பேட்டி செஷன்ஸ் என்பவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 குழந்தைகளைப் பிறப்பித்தவர். எங்கே, யாருக்கு, எந்த நாளில் குழந்தை பிறந்தது, எவ்வளவு கூலி வந்தது என்பதை அவர் நாட்குறிப்பில் எழுதினார். வரலாற்றாசிரியர்களுக்கு இன்றுவரை அது அரிய ஆவணம்.

1842இல் தொடங்கிய ஒத்தாசைச் சங்கம் என்ற பெண்களின் அமைப்பு குடியேற்றம் எங்கும் பரவி, தானியம் சேமித்தது, பட்டுப்புழு வளர்த்தது, பெண்களை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. 1870 பிப்ரவரியில் யூட்டாப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அமெரிக்கா முழுவதும் அவ்வுரிமை வர இன்னும் 50 ஆண்டுகள் ஆயின. சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1921இல். இதே பெண்கள் பலர், ஓர் ஆண் பல மனைவியரை மணக்கும் பலதார மணத்தில் வாழ்ந்தவர்கள். 1852இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட அம்முறையை, அரசின் கடும் அழுத்தத்தின்பின் 1890இல்தான் சபை கைவிட்டது. சிலர் அதை விரும்பி ஏற்றனர், சிலர் விம்மி ஏற்றனர். இரண்டு குரலும் நாட்குறிப்புகளில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். யாரும் விரும்பாத நிலம் என்று குடியேறிகள் கருதிய அம்மண் யூட், பையூட் பழங்குடி மக்களின் வாழ்விடமாக இருந்தது; ஓடையோரங்களைக் குடியேறிகள் எடுத்துக்கொள்ள அவர்களுக்குப் பஞ்சம் வந்தது. 1857 செப்டம்பரில், சீடார் சிட்டியிலிருந்து தென்மேற்கே மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், கலிபோர்னியாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஏறத்தாழ 120 பயணிகளை மார்மன் ஊர்காவல் படையினர் கொன்றனர். துரத்தப்பட்டவர்கள் அதே கொடுமையைப் பிறருக்குச் செய்த அந்நாளுக்காகச் சபையும் பின்னாளில் வருத்தம் தெரிவித்தது. அதை மறைத்துவிட்டு அப்பெண்களின் துணிவை மட்டும் போற்றுவது நேர்மையாகாது.

தூத்துக்குடி வட்டாரத்திற்கும் இத்தகைய வரலாறு உண்டு. சமயம் மாறியதால் சொந்த ஊர்களில் அடியும் தீவைப்பும் கண்ட சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்காக, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் 1799இல் சாத்தான்குளத்தின் அருகே நிலம் பெற்று ஊர் அமைத்தார். அது அவர்களுக்கென அமைந்த முதலாவது ஊராதலால் முதலூர் என்றே பெயர் பெற்றது. யூட்டாவுக்கு முதல் வண்டி போவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், தேரி எனப்படும் செம்மணல் காட்டில் அங்கே குடிசை போட்டு, நெடுந்தூரம் சென்று தண்ணீர் சுமந்து, பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்துக் குடும்பங்களைக் காத்த பெண்கள் எலிசபெத்துக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் நூல்களில் தாவீதின் பெயர் இருக்கிறது; நிலம் வாங்க உதவிய ஆங்கிலேயரின் பெயர் இருக்கிறது; அப்பெண்களின் பெயர்களோ இல்லை.

எலிசபெத்தின் பெயர் எஞ்சியதற்குக் காரணம் அவர் பெற்ற பிள்ளைகளும், அவர்களது பிள்ளைகளும், கேட்டதை எழுதி வைத்தார்கள் என்பதே. ஒவ்வொரு குடும்பமும் தன் வரலாற்றைப் பதிவு செய்யவேண்டும் என்பது மார்மன்களிடையே வழங்கும் ஒழுங்கு. 1901இல் யூட்டாவில் முன்னோடிகளின் பெண் வழித்தோன்றல்கள் தனிச் சங்கமே அமைத்துப் பாட்டிமார்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் திரட்டினர். முத்துக்குளித்துறையின் பங்குக் கோவில்களில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உள்ளன. அவற்றில் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் கிடைக்கும், ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், கடலுக்குப் போனவர் திரும்பாத ஆண்டில் வீட்டில் எதை விற்றுப் பிழைத்தார்கள் என்பவை கிடைக்காது. அவை தருவைகுளத்திலும் வேம்பாரிலும் மணப்பாட்டிலும் வாழும் மூத்த பெண்களின் நினைவில்தான் இருக்கின்றன. இக்கரையைச் சேர்ந்த வாசகர்கள் தங்கள் ஆச்சியிடமும் பாட்டியிடமும் அவற்றைக் கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்து, இந்த ஆண்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.